உஷார்! எந்தக் கீரையிலும் இல்லாத சத்து

மாமிசத்தை விட்டுவிட்டீர்களா? நல்ல முடிவு. உயிர்கள் மீதான இரக்கம், மருத்துவரின் அறிவுரை, பூமி சூடாகிறதே என்ற கவலை, குடும்ப வழக்கம் எதுவாக இருந்தாலும் சரி, அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. முக்கியமாக ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வைட்டமின் பி12 என்று ஒரு சத்து இருக்கிறது. எந்தச் செடி கொடிக்கும் அதைத் தயாரிக்கத் தெரியாது. முருங்கைக்கீரையை நம்பிப் பயனில்லை. முளைகட்டிய பயறு, கேழ்வரகு, பேரீச்சை, நெல்லிக்காய் எதை நம்பியும் பயனில்லை. எவ்வளவு காய்கறி சாப்பிட்டாலும், எவ்வளவு விதவிதமாகச் சமைத்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. இந்தச் சத்து குறைந்தால் முதலில் ரத்தமும் பிறகு நரம்பும், சிலருக்கு ரத்தத்துக்கு முன்பே நரம்பும் பாதிக்கப்படும். நாள்பட்டுக் கெட்ட நரம்பு, எத்தனை ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது.

இதைப் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களில் பலரும் "நாங்க நல்லா கீரை சாப்பிடுறோமே" என்று கடந்துவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது அந்த ஒரு வரியில்தான்.

செடியில் ஏன் இல்லை?

பி12-ஐத் தயாரிப்பவை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே. மாடு புல் தின்கிறது. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், தீவனத்தில் வரும் கோபால்ட் என்ற தாதுவைக் கொண்டு பி12-ஐ உண்டாக்குகின்றன. அங்கிருந்து அது மாட்டின் ஈரலுக்கும் இறைச்சிக்கும் பாலுக்கும் போகிறது. நம் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களும் இதைத் தயாரிக்கின்றன. ஆனால் மனித உடல் பி12-ஐ உறிஞ்சிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. உற்பத்தி நடப்பதோ அதைத் தாண்டிய பிறகு. அதனால் நம் வயிற்றுக்குள்ளேயே உண்டாகும் பி12 நமக்கு உதவாமல் வெளியே போய்விடுகிறது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் இரண்டரைப் பங்கு. கண்ணுக்கே தெரியாத இந்த அளவு இல்லாமல் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு சரியாக உருவாகாது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறை சிதையும்.

பால் குடிக்கும் சைவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. கால் லிட்டர் பாலில் சுமார் ஒரு மைக்ரோகிராம் பி12 இருக்கும். காய்ச்சும்போது அதிலும் கொஞ்சம் போகும். இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். காலையில் ஒரு காபி, மாலையில் ஒரு டீ, இரண்டிலும் சேர்த்து 100, 150 மில்லி பால் இருந்தால் பெரிது. மதியம் ஊற்றிக்கொள்ளும் மோரில் பாதிக்கு மேல் தண்ணீர். நாள் முழுக்கக் கூட்டினாலும் தேவையில் பாதியைத் தொடாது. முட்டை சேர்ப்பவர்களுக்கு ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம். அதுவும் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான். கொலஸ்ட்ரால் பயத்தில் மஞ்சள் கருவை எடுத்துப் போட்டால் அதுவும் இல்லை. பால், தயிர், நெய் அனைத்தையும் விலக்கும் வீகன் உணவில் இந்தக் கணக்கு பூஜ்யம்.

பல வருடம் ஏமாற்றும் குறைபாடு

"நான் மாமிசத்தை விட்டு மூணு வருஷம் ஆச்சு. ஒண்ணும் ஆகலையே!" என்று சொல்பவர்களைத்தான் முதலில் எச்சரிக்க வேண்டும். மனித உடலில், பெரும்பாலும் ஈரலில், இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் பி12 இருப்பில் இருக்கும். குதிருக்குள் போட்ட நெல்லைப்போல அது வருடக்கணக்கில் ஓடும். குதிர் காலியாகும் நாள்வரை வீட்டில் யாருக்கும் பசி தெரியாது.

அதனால் புரட்டாசி மாதம் முழுக்க அசைவம் தொடாதவர்களும், சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்களும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவர்கள் வருடக்கணக்கில் சைவமாக இருப்பவர்கள். அவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு: பெயருக்கு அசைவம், நடைமுறையில் ஏறக்குறைய சைவம். எப்போதாவது ஒரு விசேஷத்தில் இரண்டு துண்டு கறி, மற்ற நாளெல்லாம் சோறும் ரசமும். வசதியில்லாத வீடுகளில் இப்படிச் சாப்பிடும் பெண்களும் முதியவர்களும் ஏராளம்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாதத்தில் ஊசி குத்துவதுபோல ஒரு குறுகுறுப்பு. இரவில் உள்ளங்கால் எரிச்சல். பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பது. வாஷ்பேசின் முன் நின்று, முகத்தில் சோப்புப் போடக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கம் சாய்வது. இந்தக் கடைசி அறிகுறியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற தகவலை மூளைக்குக் கொண்டுபோகும் தண்டுவட நரம்பு பழுதானால், கண் திறந்திருக்கும்வரை பார்வை அதை ஈடுகட்டும். கண்ணை மூடிய அடுத்த நொடி குட்டு வெளிப்படும்.

கையை விரித்துப் பாருங்கள். விரல் கணுக்களின் மேல்தோல் வழக்கத்துக்கு மாறாகக் கருத்திருக்கிறதா? நம்மைப்போன்றவர்களின் மாநிறத் தோலில் பி12 குறைவு இப்படியும் காட்டும். நாக்கு சிவந்து, மேலே உள்ள சொரசொரப்பு போய் வழவழப்பாகி, காரம் பட்டால் எரியும். படியேறினால் மூச்சு வாங்கும். பெயர்கள் நினைவுக்கு வராது. காரணமில்லாமல் எரிச்சலும் சோர்வும் வரும்.

நம் ஊரில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. கால் மரத்தால் "சுகர் ஏறியிருக்கும்". மறதி வந்தால் "வயசாச்சு இல்ல". சோர்ந்து கிடந்தால் "பித்தம்". எல்லாம் சேர்ந்தால் "நரம்புத் தளர்ச்சி". தைலம் தேய்த்து, லேகியம் சாப்பிட்டு மாதங்கள் போகும். பி12 குறைவால் வந்த மறதியையும் தடுமாற்றத்தையும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதை முதுமை என்று முத்திரை குத்தி மூலையில் உட்காரவைப்பது கொடுமை.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள்

இதுதான் பலர் விழும் பள்ளம். ரத்தம் சரியாக இருக்கிறது, பிறகென்ன என்று நினைக்கிறோம். பி12 குறைந்தால் ரத்தசோகை வரும். ஆனால் ரத்தசோகை வராமலே நரம்பு கெடுவதும் உண்டு.

ஒரு முக்கியக் காரணம் ஃபோலேட் எனப்படும் ஃபோலிக் அமிலம். கீரையிலும் பருப்பிலும் இது தாராளமாகக் கிடைக்கும். உடலில் ஃபோலேட் நிறைய இருந்தால், பி12 இல்லாத குறையை ரத்தத்தில் அது மறைத்துவிடும். நரம்பில் நடக்கும் சேதத்தை அதனால் தடுக்க முடியாது. அதாவது, நன்றாகக் கீரை சாப்பிடும் சைவருக்கு ரத்தப் பரிசோதனை நிம்மதி தரும். உள்ளே நரம்பு உரிந்துகொண்டிருக்கும். பி12 அளவைப் பார்க்காமல் சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கி விழுங்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் கவனம்

1962-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்ந்த கைக்குழந்தைகளைப் பற்றியது அது. அந்தக் குழந்தைகள் சோர்ந்து கிடந்தன. கற்றுக்கொண்ட அசைவுகளை மறந்தன. தோல் கருத்தது, ரத்தம் குறைந்தது, கைகால்கள் தாமாக நடுங்கின. தாய்மார்களின் உடலில் பி12 குறைவு. ஆகவே பாலிலும் குறைவு. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. உலகக் குழந்தை மருத்துவம் இன்றும் எடுத்துக்காட்டும் இந்தப் பாடம் நம் மண்ணில், நம் தாய்மார்களிடம் கண்டறியப்பட்டது. அறுபது வருடம் கழித்தும் நம் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அவசியமான மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. ஆனால் அதில் பி12 கிடையாது. சைவ உணவு சாப்பிடும் கர்ப்பிணி, "நான் சைவம், எனக்கு பி12 பார்க்க வேண்டுமா?" என்று மருத்துவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் பாதாம் பால், சோயா பால் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதற்கு வழியில்லை என்றால் மருத்துவர் சொல்வது மட்டுமே.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தவறான நம்பிக்கைகள்

சுருள்பாசி என்கிற ஸ்பைருலினாவில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. ஆய்வகக் கருவிக்கு ஒன்றுபோலத் தெரியும். மனித உடலுக்குப் பயன்படாது.

பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் புளிப்பதால் பி12 உண்டாகிறது என்பது இன்னொன்று. பழைய சோறு நல்ல உணவு, குடலுக்கு இதம். ஆனால் உடலின் தேவையை ஈடுகட்டும் அளவு பி12 அதிலிருந்து கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ரேஷன் அரிசியில் கலந்து வந்த வலுவூட்டப்பட்ட அரிசிமணிகளை "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்த வீடுகள் பல. அது பிளாஸ்டிக் அல்ல; அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணி. ஆனால் விதிப்படி ஒரு கிலோ அரிசிக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 தான். ஒருவர் நாளெல்லாம் கால் கிலோ அரிசி சாப்பிட்டாலும் தேவையில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதை மட்டும் நம்பவும் முடியாது.

இவர்களுக்கு இரட்டை ஆபத்து

சைவ உணவோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். பி12 உறிஞ்சப்படுவதை அந்த மருந்து குறைக்கும். கால் மரப்பு வந்ததும் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடுவதால் உண்மைக் காரணம் தெரியாமலே போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 பரிசோதனை கேளுங்கள். அடுத்து, நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல், பாண்டப்ரசோல் மாத்திரைகளை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்பவர்கள். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் இவை அடக்குகின்றன. அறுபதைத் தாண்டியவர்கள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை.

பூமிக்காக மாறியவர்களே, தட்டைக் கவனியுங்கள்

கால்நடை வளர்ப்பு, மனிதச் செயல்களால் வரும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதத்துக்குக் காரணம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளைச் சேர்ந்த சுமார் 38,700 பண்ணைகளின் தரவை வைத்து வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டின் ஒரு கிலோ இறைச்சிக்கு உலக சராசரி சுமார் 100 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம். கோழிக்குச் சுமார் 10 கிலோ. பட்டாணிக்கு ஒரு கிலோ. ஆகவே மாமிசத்தைக் குறைப்பது பூமிக்கு நல்லதா என்றால், சந்தேகமே வேண்டாம், நல்லதுதான்.

ஆனால் அதே ஆய்வில் பாலாடைக்கட்டிக்குச் சுமார் 24 கிலோ. கோழியைவிட இரு மடங்குக்கு மேல்! நம் பனீரும் பாலைத் திரியவைத்து எடுப்பதுதான். ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். சிக்கனை விட்டுவிட்டு வாரத்துக்கு நாலு நாள் பனீர் பட்டர் மசாலா சாப்பிடுவதால் பூமிக்கு லாபம் இல்லை. தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலும் மீத்தேன் விடுகிறது. தட்டு நிறைய வெள்ளைச் சோறும் கணக்கில் வரும். பூமிக்கும் உடம்புக்கும் ஒருசேர நன்மை தருபவை துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, வேர்க்கடலை. இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். உரத் தேவை குறையும்.

அந்தப் பருப்பு தட்டுக்குப் போதிய அளவு வருகிறதா என்று பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். நாலு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம். சோற்றிலும் இட்லியிலும் வருவதைச் சேர்த்தாலும் குறையும். மதியம் சாம்பாரை நம்பியிருக்காமல் கெட்டியாக ஒரு கூட்டு, மாலையில் ஒரு சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று சேர்த்தால்தான் கணக்கு நேராகும். உலர்ந்த மீல்மேக்கரில் எடையில் பாதி புரதம்.

இரும்புச்சத்திலும் உஷார். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தாவர இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் கிடைப்பதும் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ சேருங்கள். மீனை விட்டுவிட்டு, அயோடின் கலந்த உப்பையும் விட்டு இந்துப்புக்கு மாறினால் தைராய்டுக்கு ஆபத்து. எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிரிட்டனில் சுமார் 55,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வில், மாமிசம் உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. பாலை விட்டவர்கள் கால்சியத்துக்காகக் கேழ்வரகு, எள், கீரையைத் தினசரி உணவாக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகத்துக்கு இடமான எல்லை. ஹோமோசிஸ்டீன் போன்ற கூடுதல் பரிசோதனை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுங்கள். தொடங்கிய பிறகு பார்த்தால் அளவு உயர்ந்து காட்டி ஏமாற்றும்.

குறைபாடு இருந்தால், குறிப்பாக மரப்போ தள்ளாட்டமோ இருந்தால், கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையோடு நிற்காதீர்கள். ஊசி தேவைப்படலாம். எத்தனை, எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

குறைபாடு இல்லாத வீகன்கள் தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் பி12 எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் வீகன் சொசைட்டியே அறிவுறுத்துகிறது. வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஏன் இவ்வளவு என்று திகைக்க வேண்டாம். ஒரு தடவையில் குடல் முறைப்படி உறிஞ்சுவது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். மிச்சத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கசிந்து உள்ளே போகும்.

மாத்திரை சைவமா என்ற சந்தேகமும் வேண்டாம். அதிலுள்ள பி12 தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கப்படுவது. மாட்டின் வயிற்றில் நடக்கும் வேலை தொழிற்சாலையில் நடக்கிறது, அவ்வளவுதான். ஜெலட்டின் கூடுள்ள கேப்ஸ்யூல் வேண்டாம் என்றால் சாதாரண மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கொள்கையில் தவறில்லை. சைவம் ஆரோக்கியமான உணவு, பூமிக்கு இதமான உணவு. அதில் விட்டுப்போகும் இந்தச் சத்தை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்வது கொள்கைக்கு இழுக்கும் இல்லை, தோல்வியும் இல்லை. கால் மரத்துப்போகும் பெரியவர், கருவுற்ற பெண், வீகனுக்கு மாறிய கல்லூரிப் பிள்ளை, வருடக்கணக்கில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மா அப்பா: இவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே பி12 பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.